புகையிலை: பேரேட்டில் ஏறாத செலவு

பெட்டிக்கடை, மளிகைக் கடை, டீக்கடை எதுவாக இருந்தாலும் சிகரெட்டும் பீடியும் அடுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே கை எட்டும் தட்டு அது. வாடிக்கையாளர் கேட்டவுடன் எழுந்திருக்காமல் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைத்தோம். ஆனால் அந்தத் தட்டுக்கு மிக அருகில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் வாடிக்கையாளர் அல்ல, நாமேதான். காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டும் வரை 16 மணி நேரம் அந்தச் சரக்கு நம் கையருகிலேயே இருக்கிறது. வாங்குவதற்குக் காசு எடுக்க வேண்டியதில்லை, நடந்து போக வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நமது இதழில் வரி, உரிமம், எடையளவு, கொள்முதல் பற்றியே வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை நம் உடம்பைப் பற்றி எழுதுகிறோம். காரணம், கடை முழுவதும் ஒரே ஆளை நம்பி நிற்கும் தொழில் நம்முடையது. முதலாளி பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தப் பத்து நாளும் ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது. அப்படிப் படுக்க வைக்கும் காரணங்களில், நம்மால் முழுமையாகத் தவிர்க்கக்கூடிய பெரிய காரணம் புகையிலையே.

2016-17-இல் மத்திய அரசு நடத்திய புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவிகிதம் பேர், அதாவது ஏறத்தாழ 26.7 கோடிப் பேர், ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் இது 20 சதவிகிதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13.5 இலட்சம் பேர் புகையிலையால் இறக்கிறார்கள். இந்தக் கணக்கில் வியாபாரி தனி, வாடிக்கையாளர் தனி என்று பிரிவில்லை.

நிக்கோட்டின் செய்யும் வேலை

"எத்தனையோ முறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை, எனக்கு மன உறுதி போதாது" என்று நம் நண்பர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பெரிய கடன்களை எல்லாம் வைராக்கியமாக அடைத்தவர், இரண்டு தலைமுறைக் கடையைத் தூக்கி நிறுத்தியவர், ஒரு சிறு பீடிக்கு முன் தோற்றுப் போவானேன்? இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல என்பதை முதலில் புரிந்து கொள்ள வேண்டும்.

புகையிலைச் செடியில் இயற்கையாகவே உள்ள பொருள் நிக்கோட்டின். ஒரு சிகரெட்டிலிருந்து நம் உடம்பில் சேரும் நிக்கோட்டின் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிகிராம்தான். புகையை உள்ளே இழுத்ததும் அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து 10 முதல் 20 விநாடிகளில் மூளையைச் சென்றடைகிறது. கையில் ஊசி போட்டால்கூட மருந்து இவ்வளவு விரைவாக மூளைக்குப் போவதில்லை. மூளையில் அதற்கென்று அமைந்தது போன்ற வாயில்கள் உள்ளன. நிக்கோட்டின் அவற்றில் பொருந்தியவுடன் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும், நல்ல செய்தி கேட்டாலும் நமக்கு ஏற்படும் திருப்திக்கு இதே டோபமின்தான் காரணம்.

தினமும் பல முறை இப்படி நடக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக் கொள்கிறது. அந்த வாயில்களின் எண்ணிக்கை கூடுகிறது. கூடிய வாயில்கள் அத்தனையும் நிக்கோட்டினை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, கவனக் குறைவு, தலைபாரம் எல்லாம் தலைகாட்டுகின்றன. அடுத்ததைப் பற்ற வைத்தவுடன் அவை அடங்குகின்றன.

நிக்கோட்டின் மனிதரை அடிமைப்படுத்தும் தன்மையில் ஹெராயின், கொக்கெய்ன் போன்றதே என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988-இல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகக் கூறியது. அதன் பிறகும், 1994 ஏப்ரலில் அந்நாட்டின் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் வரிசையாக நின்று சத்தியம் செய்துவிட்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்தாது என்றே தாங்கள் நம்புவதாகக் கூறினார்கள். பின்னர் வெளிவந்த கம்பெனிகளின் உள் ஆவணங்கள், 1960-களிலேயே அவர்களுக்கு உண்மை தெரியும் என்பதைக் காட்டின. சரக்கைத் தயாரித்தவர்கள் அறிந்திருந்த உண்மையை, அதை விற்கும் நாமும் அறிந்திருக்க வேண்டாமா?

இது ஒரு தண்டல் வட்டி

நம் மார்க்கெட்டுகளில் தண்டல் வட்டிக்கு வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். காலையில் வாங்கிய பணம் முந்தின நாள் தவணையைக் கட்டவே சரியாகப் போய்விடும். அதைக் கட்ட மறுபடியும் வாங்க வேண்டும். பணம் கைக்கு வரும் அந்த ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த நிம்மதி, தண்டல்காரர் ஏற்படுத்திய நெருக்கடியிலிருந்து கிடைக்கும் நிம்மதிதானே தவிர, இலாபமல்ல.

நிக்கோட்டினும் அப்படியே. காலையில் கடை திறந்ததும் குடிக்கும் முதல் பீடி அமிர்தமாக இருப்பதற்குக் காரணம், இரவு முழுவதும் நிக்கோட்டின் இல்லாமல் மூளை தவித்துக் கிடந்ததுதான். கூட்ட நேரம் முடிந்ததும் ஒரு சிகரெட் பற்ற வைத்தால் டென்ஷன் குறைகிறது என்கிறோம். அந்த டென்ஷனில் ஒரு பகுதியை உண்டாக்கியதே முந்தின சிகரெட்தான். புகைக்காத பக்கத்துக் கடைக்காரர் எந்தச் செலவும் இல்லாமல் நாள் முழுவதும் இருக்கும் நிலைக்கு, நாம் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துச் சில நிமிடங்களுக்குப் போய் வருகிறோம். நிறுத்தியவர்கள் சில மாதங்களில் முன்னைவிடக் கவலையும் படபடப்பும் குறைந்திருப்பதாக உணர்கிறார்கள் என்பதை ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

நம் அடிமைத்தனம் எவ்வளவு என்று தெரிந்து கொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்திற்குள் முதல் பீடியையோ சிகரெட்டையோ பற்ற வைக்கிறோம்? ஒரு மணி நேரத்திற்கு மேல் தள்ளிப் போட முடிகிறது என்றால் பிடி தளர்வாகவே இருக்கிறது. 30 நிமிடத்திற்குள் என்றால் பிடி பலமானது. 5 நிமிடத்திற்குள் என்றால் மிகப் பலமானது. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே நல்லது.

உடம்பில் விழும் சேதம்

நம்மை அடிமைப்படுத்துவது நிக்கோட்டின் என்றால், கொல்லுவது பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து வரும் புகை. அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்குபவை.

நெஞ்சு: புற்றுநோய் ஒன்றுதான் புகையிலையின் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். மாரடைப்பும் அதற்குச் சளைத்ததல்ல. நிக்கோட்டின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. வேலை கூடிய இதயத்திற்குச் சப்ளை குறைகிறது. கூடவே இரத்தம் உறையும் தன்மையும் அதிகமாகிறது.

கால்: நாள் முழுவதும் நின்று வியாபாரம் செய்யும் நமக்குக் கால் முக்கியம். புகையிலை கால் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி குறைவது இதன் முதல் அறிகுறி. பர்ஜர் நோய் என்று ஒன்று உண்டு. அது புகையிலை பயன்படுத்துபவர்களுக்கே, அதிலும் பெரும்பாலும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே வருகிறது. விரல்கள் கறுத்து அழுகி வெட்டியெடுக்கும் நிலைக்குப் போகலாம். புகையிலையை அடியோடு நிறுத்தினால் ஒழிய எந்த மருந்தும் அதைக் கட்டுப்படுத்தாது.

சர்க்கரை: புகைப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட 30 முதல் 40 சதவிகிதம் அதிகம். உட்கார்ந்த வேலை, நேரம் தவறிய சாப்பாடு, அடிக்கடி டீ என்றிருக்கும் நம் தொழிலில் இது கவனிக்க வேண்டிய செய்தி. சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கால் புண் ஆறுவது மிகக் கடினம்.

காசநோய்: இது நம் ஊருக்கே உரிய பாடம். சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரங்களை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் விவரங்களோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்றும், நம் நாட்டு ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. மிளகாய், மல்லித் தூசியிலும், மாவுத் தூசியிலும் நாள் முழுவதும் இருமும் மளிகைக்காரர், அந்த இருமலைத் தூசி இருமல் என்று தள்ளிவிடுவது எளிது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

இவை தவிர நுரையீரல், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள், பக்கவாதம், மூச்சிரைப்பு, கண்புரை, ஆண்மைக் குறைவு என்று பட்டியல் நீளும். நாம் விடும் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பள்ளி விட்டு வந்து கல்லா ஓரத்தில் வீட்டுப் பாடம் எழுதும் நம் குழந்தைக்கு, நாம் பற்ற வைத்த சிகரெட்டின் பங்கு கேட்காமலே போய்ச் சேருகிறது.

மென்று துப்பும் புகையிலை

"நான் புகைப்பதில்லை, வெற்றிலையோடு கொஞ்சம் போடுவேன், அவ்வளவுதான்" என்பவர்கள் நம்மில் நிறைய உண்டு. நம் நாட்டில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்களே இரு மடங்கு. சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை கூடி, நிக்கோட்டின் விரைவாக உள்ளே இறங்குகிறது. புகையைப் போல உடனே ஏறாவிட்டாலும், கன்னத்தில் ஒதுக்கி வைக்கும் நேரம் முழுவதும் இறங்கிக் கொண்டே இருக்கும். ஆகவே அடிமைத்தனத்தில் குறைவில்லை.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கம் முக்கியக் காரணம். பாக்கும் நிரபராதி அல்ல. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்துவிட்டது. புகையிலையை விட்டுவிட்டுப் பாக்குக்கு மாறுவது தீர்வாகாது.

மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்துக் கொள்ளுங்கள். அழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடு மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது.

நாம் சொல்லிக் கொள்ளும் சமாதானங்கள்

"பீடிதானே, இலைதானே" என்பது முதல் சமாதானம். பீடி இலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் நிக்கோட்டினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது குறைவதில்லை. 2008-இல் வெளியான இந்திய அளவிலான ஆய்வு ஒன்றின்படி, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டு ஆயுளையும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 10 ஆண்டு ஆயுளையும் இழக்கிறார்கள்.

"லைட் சிகரெட்டுக்கு மாறிவிட்டேன்" என்பது அடுத்தது. மூளை தனக்கு வேண்டிய நிக்கோட்டினைக் குறைத்துக் கொள்வதில்லை. நாம் அறியாமலே இன்னும் ஆழமாக இழுத்து, அல்லது கூடுதலாக ஒன்று பிடித்து, கணக்கை நேர் செய்துவிடுகிறது.

"நாளைக்கு ஒன்றிரண்டுதான்" என்பது மூன்றாவது. தினம் 20 பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி, தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது. சரக்கை 20-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் நட்டம் அந்த விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே குறைப்பது, நிறுத்துவதற்கு ஒரு படியாக இருக்கலாமே தவிர, அங்கேயே நின்றுவிடக் கூடாது.

கடைக் கணக்கு என்ன சொல்கிறது?

நாம் வியாபாரிகள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு சிகரெட் விலை 15 ரூபாய் என்றும், விற்ற விலையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் நமக்கு நிற்கிறது என்றும் வைத்துக் கொள்வோம். (உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்பதை உங்கள் கொள்முதல் பில்லை எடுத்து நீங்களே பாருங்கள்.) கடைக்காரர் தம் தட்டிலிருந்தே தினம் 10 சிகரெட் எடுத்தால், அதன் அசல் 135 ரூபாய். ஒரு சிகரெட் விற்றால் நிற்பது ஒன்றரை ரூபாய். ஆக, தாம் ஊதிய 10 சிகரெட்டின் அசலை ஈட்ட அவர் 90 சிகரெட் விற்க வேண்டும். பல சிறு கடைகளில் அன்றாட சிகரெட் வியாபாரமே அவ்வளவுதான்! அதாவது அந்தத் தட்டு கடைக்குச் சம்பாதித்துக் கொடுக்கவில்லை; முதலாளியின் பழக்கத்திற்காக ஓடிக் கொண்டிருக்கிறது.

ஆண்டுக்கு 135 ரூபாய் வீதம் 49,275 ரூபாய். வாங்கிக் குடிப்பவராக இருந்தால் 54,750 ரூபாய். இந்தத் தொகை எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. ஸ்டாக் குறைவதை எலியும் சேதாரமும் என்று எண்ணிக் கொள்கிறோம். மருத்துவச் செலவு தனி.

நிறுத்தினால் திரும்பக் கிடைப்பது

நல்ல செய்தி இதுதான்: நட்டம் முழுவதும் வராக்கடன் அல்ல. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஓரிரு நாட்களில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சாதாரண நிலைக்கு வந்துவிடுகிறது. சில வாரங்களில் நாக்கில் ருசியும் மூக்கில் வாசனையும் திரும்புகின்றன. பெருங்காயத்தையும் ஏலக்காயையும் முகர்ந்தே தரம் பார்க்கும் நமக்கு இது தொழிலுக்கும் உதவும். ஓராண்டில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்தும் தொடர்ந்து புகைப்பவரைவிட ஏறத்தாழ பாதியாகிறது.

பிரிட்டனில் 1951-இல் தொடங்கி, 34,000-க்கும் அதிகமான ஆண் டாக்டர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார் சர் ரிச்சர்ட் டால். 2004-இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடர்ந்து புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள். 60 வயதில் நிறுத்தினால் அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைக்கிறது. 50 வயதில் என்றால் 6 ஆண்டு, 40 வயதில் 9 ஆண்டு, 30 வயதில் என்றால் ஏறத்தாழ முழுவதுமே. "இந்த வயதில் விட்டு என்ன ஆகப் போகிறது" என்று கேட்கும் பெரியவர்கள் இந்த முதல் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கடையில் இருந்தபடியே நிறுத்துவது எப்படி?

ஒரு நாளைக் குறியுங்கள். இரண்டு வாரத்திற்குள் இருக்கட்டும். ஸ்டாக் எடுக்கும் நாள், பண்டிகைக் கூட்டம், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டிலும் கடையிலும் சொல்லி வையுங்கள்.

தட்டை இடம் மாற்றுங்கள். புகையிலைச் சரக்கையே எடுத்துவிட முடிந்தவர்கள் எடுத்துவிடுவது உத்தமம். முடியாதவர்கள் கல்லாவுக்கு எட்டாத இடத்தில், எழுந்து நடந்து எடுக்க வேண்டிய அலமாரியில் வையுங்கள். எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சில வாரங்களுக்குக் கடையிலுள்ள வயது வந்த வேறொருவரிடம் விடுங்கள். தமக்கென்று எடுத்தால் காசைக் கல்லாவில் போட்டுச் சிட்டையில் எழுதுவது என்று வைத்துக் கொண்டால், கை தானாகப் போவது பாதி நின்றுவிடும்.

முதல் மூன்று நாட்களைத் தாண்டுங்கள். எரிச்சல், தூக்கக் குறைவு, பசி ஆகியவை இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கி மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். வாடிக்கையாளரிடம் கடிந்து பேசிவிட்டால் "விட்டிருக்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம்; யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தைத் தள்ளிப் போட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை மெல்லக் குடியுங்கள், ஆழமாக மூச்சை இழுத்து விடுங்கள், எழுந்து ஒரு மூட்டையைப் பிரித்து அடுக்குங்கள். வாயில் போட நம் கடையிலேயே சோம்பு, கிராம்பு, ஏலக்காய், காய்ந்த நெல்லி இருக்கின்றன. பாக்கு மட்டும் வேண்டாம்.

டீயைக் குறையுங்கள். டீயும் சிகரெட்டும் ஒன்றையொன்று அழைப்பவை என்பது மட்டும் காரணமல்ல. சிகரெட் புகை, டீ காபியிலுள்ள காஃபீனை உடம்பிலிருந்து விரைவாக வெளியேற்றும். புகையை நிறுத்தியதும் அதே அளவு டீ முன்னைவிட அதிகமாக வேலை செய்து, படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்கும். அதை நிக்கோட்டின் இல்லாத குறை என்று தவறாக எண்ணி மறுபடியும் பற்ற வைத்தவர்கள் உண்டு. பழைய அளவில் பாதி டீ போதும்.

உதவி கேளுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டும் பட்டை, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் ஆகியவை நிறுத்துவதில் வெற்றி பெறும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சூயிங்கத்தை மிட்டாய் போல மென்று விழுங்கக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, காரம் குறைந்ததும் மறுபடியும் மெல்ல வேண்டும். டீ, குளிர்பானம் குடித்த உடனே போட்டால் வேலை செய்யாது. இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனை எண் 1800-11-2356. நாம் விற்கும் பாக்கெட்டுகளிலேயே 2018 செப்டம்பர் முதல் இந்த எண் அச்சிடப்பட்டு வருகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் 2002-இல் இதற்கென்று ஆலோசனைப் பிரிவு தொடங்கப்பட்டது.

தவறி ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம். ஒரு நாள் வியாபாரம் படுத்துவிட்டால் மறுநாள் கடை திறக்காமலா இருக்கிறோம்? நிரந்தரமாக நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பல முறை முயன்ற பிறகே நிறுத்தியவர்கள்.

சிறுவர்களும் சட்டமும்

வளரும் மூளையில் நிக்கோட்டின் இன்னும் எளிதாக வேரூன்றும். ஆயுள் முழுவதும் விட முடியாமல் தவிப்பவர்களில் பெரும்பாலோர் இள வயதிலேயே தொடங்கியவர்கள். ஆகவேதான் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் விற்பதையும் தடை செய்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகை, குறைந்தது 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரத்தில் கடையில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதானே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று வரும் சிறுவனிடம் "அப்பாவையே வரச் சொல்லு தம்பி" என்று அனுப்பிவிடுவதே நமக்கும் அவனுக்கும் நல்லது.

பாக்கெட்டின் 85 சதவிகிதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் விதி. எச்சரிக்கை இல்லாத கடத்தல் சிகரெட்டுகளை யார் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். விற்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. மின் சிகரெட் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. குட்கா, புகையிலை சேர்த்த பான் மசாலா போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2013 மே முதல் ஆண்டுதோறும் ஆணை பிறப்பித்து அரசு தடை செய்து வந்தது. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தாலும், அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இவற்றை மறைத்து வைத்து விற்றால் கிடைக்கும் சில நூறு ரூபாய்க்காகக் கடைக்கே சீல் விழும் நிலையைத் தேடிக் கொள்ள வேண்டாம்.

வணிக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

புகையிலை விற்பதை இன்றே நிறுத்திவிடுங்கள் என்று நாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் அனுமதிக்கும் சரக்கு அது. சிறு கடைகளுக்கு அதை நாடி வருபவர்கள் மற்ற சாமான்களும் வாங்கிப் போகிறார்கள் என்பதையும் அறிவோம். இருப்பினும் தட்டைக் குறைத்து அந்த இடத்தில் கடலை மிட்டாய், பேனா, ரீசார்ஜ் என்று வேறு வியாபாரத்தைப் பழக்க முடியுமா என்று ஒவ்வொருவரும் யோசிக்கலாம். சில்லறையாக விற்கும் ஒற்றைச் சிகரெட்டில் எச்சரிக்கைப் படமும் இல்லை, உதவி எண்ணும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கேட்கும் வாடிக்கையாளருக்கு அந்த எண்ணைச் சொல்வதால் நம் வியாபாரம் கெட்டுவிடாது. பதினைந்து ஆண்டு பற்று வைத்து வாங்கும் குடும்பத் தலைவர் நலமாக இருந்தால்தான் நம் மளிகைப் பற்றும் ஒழுங்காக வரவாகும்.

நம்மைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம். ஏழு நாளைக்கு, நாமும் நம் கடை ஆட்களும் அந்தத் தட்டிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் சிட்டையில் குறித்து, ஞாயிற்றுக்கிழமை இரவு கூட்டிப் பாருங்கள். வரும் தொகையைப் பேரேட்டில் சொந்தச் செலவு என்று பற்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேயே நிறுத்தப் போகும் தேதியையும் எழுதி வையுங்கள். எழுதி வைத்த கணக்கை நாம் மறப்பதில்லை.